கடல் கடக்கும் கமரா: திருகோணமலையில் ஒரு நாள் பரீட்சை

திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவோடிரவாக வாகனத்தில் புறப்படும் ஒரு குடும்பத்தின் பொதிகளைக் கவனித்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டிருக்கும். ரொறன்ரோவிலுள்ள மகளுக்காக வறுத்து இடித்த மிளகாய்த்தூள், இலண்டனிலுள்ள தம்பிக்காகக் கட்டிய பாரைக் கருவாடு, பேரப்பிள்ளைகளுக்கென்று செய்த பயற்றம் பணியாரம் ஆகிய யாவும் கிராம் கணக்கில் நிறுக்கப்பெற்றுப் பெரிய பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்க, கமரா ஒன்று மட்டும் எந்தக் கணக்கிலும் சேராமல், கடைசி நேரத்தில் யாரோ ஒருவருடைய தோளில் மாட்டப்பட்டு, ஆறு மாத காலம் அங்கேயே தொங்கும்படி விதிக்கப்பட்டிருக்கும். ஆசிய விமானங்கள் பலவற்றில் கைப்பொதிக்கு அனுமதிக்கப்படும் எல்லை 7 கிலோ. மருந்துகளும் கடதாசிகளும் இறங்கியவுடன் போட்டுக்கொள்ள வேண்டிய கம்பளிச் சட்டையும் அதற்குள் அடங்கவேண்டும். அப்படியிருக்க, இரண்டரைக் கிலோவுள்ள கமராத் தொகுதியொன்று அந்த எல்லையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தானே விழுங்கிவிடுவதை, பயணச்சீட்டுப் பதியும் மேசையின் முன்னால் நிற்கும்போதுதான் நம்மவர்கள் உணர்கிறார்கள்.

எந்தக் கமராவை வாங்குவது என்று கேட்டால் கடைக்காரர் ஒன்று சொல்வார், விளம்பரம் ஒன்று சொல்லும், கனடாவிலிருந்து வந்துபோன மைத்துனர் ஒன்று சொல்வார். என்னுடைய அபிப்பிராயம் வேறு. நெடும் பிரயாணத்துக்கென்று ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் சாதனங்கள் அத்தனையையும் பையில் இட்டுக்கொண்டு, விடியற்காலையிலிருந்து இரவுச் சாப்பாடு வரையில் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை ஒரு நாள் சுற்றிவந்தால், எது உபயோகமானது, எது வீண் சுமை என்பதை எந்த நிபுணரின் உபதேசமுமின்றி அவரே தெரிந்துகொள்வார். திமிங்கிலமும் செங்குத்தான மலையும், கடலடிப் பவளமும் கர்ப்பக்கிருக இருளும், உப்புக் காற்றும் கொளுத்தும் வெயிலும் ஒரே பகலுக்குள் வந்து வரிசையாகச் சோதிக்கும் ஊர்கள் உலகத்தில் அதிகமில்லை.

பாரம் குறைந்த கமராவை நாடும் ஆசை இன்று நேற்று உண்டானதன்று. 1870, 71ஆம் ஆண்டுகளில் யோசப் லோட்டன் என்பவர் இலங்கை அரசாங்கத்தின் தொல்பொருட் குழுவுக்காக அநுராதபுரத்தையும் பொலநறுவையையும் சிகிரியாவையும் படம் பிடித்தபோது, கண்ணாடித் தட்டின் மேல் பூசிய இரசாயனக் குழம்பு ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள்ளேயே அதனைக் கழுவியும் ஆகவேண்டிய முறையே வழக்கிலிருந்தமையால், இருட்டறைக் கூடாரமும் கண்ணாடித் தட்டுகளும் திராவகப் போத்தல்களும் படம் பிடிப்பவர் போகும் காடுகளுக்கெல்லாம் கூடவே போகவேண்டியிருந்தன. 1875இல் இங்கு குடியேற வந்த புகழ்பெற்ற யூலியா மார்கரெட் கமரன் அம்மையார், 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தட்டுகள் கொண்ட பெருங் கமராவுக்குப் பழகியவர். சாமான்களோடு தமக்கும் கணவருக்குமாக இரண்டு சவப்பெட்டிகளையும் பீங்கான் பாத்திரங்களால் நிரப்பிக் கப்பலேற்றி வந்த அம்மையார், களுத்துறைப் பக்கத்தில் இருந்து எடுத்த படங்கள், இங்கிலாந்தில் எடுத்தவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சிலவே. பெருங் கமராவின் ஆட்சியை முறித்தவர், யேர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒஸ்கார் பார்னாக். ஆஸ்துமா நோயாளியான அவருக்கு மலையேறுவதில் பிரியம் அதிகம். தட்டுக் கமராவைத் தூக்கிக்கொண்டு ஏறினால் மூச்சு முட்டியது. சினிமாச் சுருளிலேயே படம் எடுக்கும் சிறு யந்திரம் ஒன்றை அவர் முதல் மகாயுத்தத்துக்குச் சற்று முன்னர் உருவாக்கினார். அதுவே 1925இல் லைகா என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. ஒரு மனிதரின் மூச்சுத் திணறலிலிருந்து பிறந்த அந்த 36க்கு 24 மில்லிமீற்றர்ச் சட்டந்தான் இன்றைக்கும் 'முழுச் சட்டம்' என்று மரியாதையோடு வழங்கப்படுகிறது என்பதையும், அதற்கென்று செய்யப்படும் லென்ஸுகளைத் தூக்கித்தான் இன்று பலருக்கு மூச்சு முட்டுகிறது என்பதையும் பார்னாக் இருந்து பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

தமிழில் பிரயாணமும் கமராவும் என்று பேச்செடுத்தால் கோட்டையூர் ஏ. கே. செட்டியாரை நினைக்காமல் இருக்க முடியாது. தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக் கலையை முறையாகப் படித்தவர் அவர். 1937 ஒக்டோபரில் நியூயோர்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது மகாத்மா காந்தியைப் பற்றி ஒரு படம் தயாரிக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. கண்டம் கண்டமாக அலைந்து, பிறர் எடுத்து வைத்திருந்த சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940இல் அப்படத்தை வெளியிட்டார். முறையாகக் கமராப் பயிற்சி பெற்ற ஒருவர், தம் வாழ்நாளின் பெருங் காரியத்துக்குத் தாமே எடுத்த படங்களை மட்டும் நம்பாமல் பிறர் எடுத்தவற்றையும் தேடி அலைந்தார் என்பது யோசிக்கத்தக்கது. எல்லாவற்றையும் நாமே பிடித்துவிட வேண்டும் என்ற பேராசைதான் பிரயாணிகளின் பைகளைக் கனக்கச் செய்கிறது.

பரீட்சைக்கு இரண்டு பைகளை எடுத்துக்கொள்வோம். முதற் பையில் முழுச் சட்டக் கமரா ஒன்று, உதாரணமாக சோனி ஏ7 நான்காம் வகை. அது பற்றரியோடு 658 கிராம். அதற்கேற்ற 24-70 லென்ஸ், இரண்டாம் பதிப்பு, ஏறக்குறைய 695 கிராம். 70-200 லென்ஸ், அதுவும் இரண்டாம் பதிப்பு, ஏறக்குறைய 1,045 கிராம். மூன்றும் சேர்ந்து 2,400 கிராமைத் தொடுகின்றன. இரண்டாம் பையில், 2008இல் ஒலிம்பஸும் பனசோனிக்கும் கூடி அறிமுகப்படுத்திய 'மைக்றோ நாலில்மூன்று' வகைக் கமரா ஒன்று; ஓஎம்-5 என்றால் 414 கிராம். அதற்கு 12-45 லென்ஸ் 254 கிராம், 40-150 சிறு லென்ஸ் 190 கிராம், 20 மில்லிமீற்றர்த் தட்டை லென்ஸ் 87 கிராம். மொத்தம் 945 கிராம். இவ்வகையின் உணர்தகடு முழுச் சட்டத்தின் பரப்பில் ஏறத்தாழக் கால்வாசியே ஆகையால், லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொண்டால் அது முழுச் சட்டத்தில் காட்டும் தூரம் கிடைக்கும். அதாவது இங்கே 150 என்பது அங்கே 300. கம்பெனிப் பெயர்களை நான் ஒரு கணக்குக்காகச் சொல்கிறேனே தவிர, அவற்றுக்காக வக்காலத்து வாங்கவில்லை. இதே அளவில் வேறு கம்பெனிகளின் கமராக்களும் உண்டு, பழையவை அரை விலைக்கும் கிடைக்கும்.

இனிப் பரீட்சை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில் உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் விடியற்காலையில் மோட்டார்ப் படகுகள் திமிங்கிலம் பார்க்கப் புறப்படுகின்றன. நீலத் திமிங்கிலம் நீரின் மேல் முழு உருவத்தைக் காட்டுவதில்லை. முதலில் முப்பது அடி உயரத்துக்கு நீராவித் தூண் ஒன்று எழும்பும், பின்பு நீண்ட முதுகு உருண்டு செல்லும், அதிர்ஷ்டமிருந்தால் கடைசியில் வால் செங்குத்தாக நிமிர்ந்து, நீர் வழிய, ஒருகணம் நின்று அமிழும். படகு நூறு மீற்றருக்குள் நெருங்கலாகாது. தூரத்துக் காட்சிக்குப் பிரமாண்டமான லென்ஸ் வேண்டுமென்று நினைப்பவர்கள் இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். நூறு மீற்றர் தூரத்தில் 24 மில்லிமீற்றர்ப் பார்வை 150 மீற்றர் அகலக் கடலைக் காட்டும். அதில் திமிங்கிலம் ஒரு கரும்புள்ளி. 300 மில்லிமீற்றர்ப் பார்வை 12 மீற்றர் அகலத்தைக் காட்டும்; ஆறேழு மீற்றர் விரியும் வால் அதில் பாதியை நிரப்பி நிற்கும். 600 மில்லிமீற்றரோ 6 மீற்றரையே காட்டுமாதலால் வாலின் இரு நுனிகளும் வெட்டுண்டு போவதோடு, ஆடுகின்ற படகில் அந்த லென்ஸுக்குள் திமிங்கிலத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அது அரைமைல் அப்பால் போய்விட்டிருக்கும். ஆகவே 190 கிராம் லென்ஸ் இங்கே தேறிவிடுகிறது. ஒரு கிலோ லென்ஸ், 200 மில்லிமீற்றரோடு நின்றுவிடுவதால், பாரத்திலும் தோற்று எட்டத்திலும் தோற்கிறது. மூடியை ஆயிரத்திலொரு வினாடிக்கு வைத்துக்கொண்டால் படகின் ஆட்டம் படத்தில் தெரியாது.

கரை திரும்பும் நேரத்தில் கரைவலை இழுப்பு நடந்துகொண்டிருக்கலாம். இரண்டு வரிசையாக நின்று கயிற்றை இடுப்பால் பின்னுக்கு இழுக்கிறார்கள். வரிசையின் கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடிவந்து நீரோரத்தில் மறுபடி பிடிக்கிறார். மடி கரையேறும்போது அதற்குள் நெத்தலியும் சாளையும் வெள்ளித் தகடுகளாகத் துடிக்கின்றன. இங்கே நடந்த ஒரு சம்பவம். கலியாண வீட்டுப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவர், ஒரு காலை தம் பெருங் கமராவோடு அந்தக் கரையில் நின்றார். அருகில் நடப்பதற்கு அகல லென்ஸ், தூரத்தில் நடப்பதற்கு நீள லென்ஸ் என்று ஈர மணலில் முழந்தாளிட்டு மாற்றிக்கொண்டேயிருந்தார். ஒவ்வொரு முறையும் சட்டைத் தலைப்பை விரித்துக் காற்றுக்கு மறைப்புக் கட்டினார். மூன்றாம் முறை மாற்றி எழும்பும்போது மடி அவிழ்ந்து மீன் கூடைக்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பாடசாலைப் பிள்ளையொருத்தி கைத்தொலைபேசியில் அவ்வளவையும் எடுத்து முடித்திருந்தாள். "அண்ணை, படம் வேணுமெண்டால் அனுப்பிவிடட்டோ?" என்று அவள் கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே நம்பரைக் கொடுத்தார்.

அப்படியானால் கைத்தொலைபேசியே போதாதா என்று கேட்பது நியாயம். பேரப்பிள்ளையின் பிறந்தநாளையும் நயாகராவின் முன் நிற்கும் குடும்பத்தையும் எடுப்பதற்குத் தாராளமாகப் போதும். பிரயாணம் போகிறவர்களிற் பாதிப்பேர் வேறெதையும் வாங்காமலிருப்பதே உத்தமம். எட்டத்திலுள்ளதைக் கிட்டக் கொண்டுவருவதிலும், இருளில் ஓடியாடுவதை நிறுத்திப் பிடிப்பதிலுந்தான் அது சளைக்கிறது. விமானச் சீட்டும் ஊர்ப் படமும் வீட்டு விலாசமும் அடங்கியிருப்பதும் அதே பற்றரியில்தான். அந்நிய நகரில் மாலை நாலு மணிக்குப் படமெடுத்தே அதைத் தீர்த்துவிட்டால் வீடு போய்ச்சேர வழி கேட்கவேண்டி வரும்.

முற்பகலில் கோணேசர் மலை. கோட்டை வாசலைக் கடந்து, மான்கள் மேயும் மரநிழலினூடே ஏறுகிற அந்தப் பாதையின் இருபுறமும் இன்றும் இராணுவத்தின் இருப்பிடமாதலால், எதைப் படம் பிடிக்கலாம், எதைப் பிடிக்கலாகாது என்பதை அங்குள்ள அறிவித்தல்களைப் பார்த்தும் காவலில் நிற்பவரைக் கேட்டும் நடந்துகொள்ளவேண்டும்; கடற்படைத் தளத்தின் பக்கமும் அப்படியே. ட்ரோன் என்கிற பறக்கும் கமராவைப் பற்றி இரண்டாவது வார்த்தை வேண்டாம்: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி அதற்கு அவசியம், போகிற தேசங்களிலும் ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு சட்டம், வீட்டில் விட்டுவிடுங்கள். கோயிலில் பாதரட்சையையும் மேற்சட்டையையும் களைந்து, ஒரு கையில் அர்ச்சனைத் தட்டும் மறுகையில் பிள்ளையின் கையுமாக நிற்கும் ஒருவருக்கு, வெற்றுத் தோளில் அறுக்கும் இரண்டரைக் கிலோ வார் எத்தகைய பக்தியை உண்டாக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. உள்ளே படம் எடுப்பதற்கில்லை. சிறு கமராவானால் அர்ச்சனைச் சாமான் பைக்குள்ளேயே போய்விடும்.

மலையின் கீழே, இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் அடியில் ஆழமாகக் கிடக்கும் கடலுக்கும் கமராவுக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டை நோக்கிக் கப்பலிற் போய்க்கொண்டிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், வழியில் கொழும்பில் இறங்கிப் பார்த்த சிறுபொழுதிலேயே இந்நாட்டின்மேல் மோகங்கொண்டு, 1956இல் தோழர் மைக் வில்சனோடு திரும்பி வந்தார். கிளார்க் எழுதுபவர், வில்சன் மூழ்கிப் படமெடுப்பவர். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய ஆலயத்தின் தூண்களும் கற்களும் இந்த மலையடிக் கடலில் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். இன்று கோயிலில் வழிபடப்பெறும் சுயம்புலிங்கம் வில்சன் கடலடியிலிருந்து கண்டெடுத்தது என்று சொல்லப்படுகிறது. அந்த அநுபவங்கள் வில்சனுடைய படங்களோடு 1957இல் 'தி ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற நூலாயின. பின்னர் சிங்களத்தின் முதலாவது முழுநீள வர்ணப் படமான 'ரன்முத்து தூவ'வைக் கடலடிக் காட்சிகளோடு 1962இல் எடுத்தவரும், கடைசியில் சுவாமி சிவ கல்கி என்று துறவு பூண்டவரும் அதே வில்சன்தான். அக்காலத்தில் கடலுக்கடியில் படமெடுப்பதென்றால், கமராவை நீர் புகாத உலோகக் கூட்டுக்குள் அடைத்து, சுருளில் முப்பத்தாறு படங்கள் தீர்ந்ததும் மேலே வந்து, கூட்டைத் துடைத்துத் திறந்து, மறு சுருள் இட்டு மறுபடி மூழ்கவேண்டும்.

இன்று அதே கடலின் வடக்கே, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவில் பவளத்தையும் கருமுனைச் சுறாக் குட்டிகளையும் பார்க்க முகமூடியோடு மிதப்பவர்கள், 250 கிராமளவுள்ள நீர்புகாச் சிறு கமரா ஒன்றைக் கைமணிக்கட்டில் மாட்டிக்கொண்டு 15 மீற்றர் ஆழம் வரை போகலாம். ஆனால் நீருக்குள் சில மீற்றர் போனதுமே சிவப்பு நிறம் மறைந்து யாவும் நீலமாகிவிடுவதால், இடுப்பளவு, தலையளவு நீரில் எடுத்த படமே அழகாயிருக்கும். ஒரேயொரு நாள் நீந்துவதற்காக ஆறு மாதம் அந்தக் கமராவைச் சுமப்பதா என்பதை அவரவர் யோசிக்கட்டும். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

பிற்பகலில் உட்துறைமுகக் கரையில் நின்று பார்த்தால் எங்கும் நீர், நீரைச் சுற்றி மலைத்தொடர், சீனன்குடாப் பக்கத்தில் பிரிட்டிஷார் கட்டி வைத்த எண்ணெய்த் தாங்கிகள். இவ்வளவு விசாலத்தையும் ஒரே படத்தில் அடக்க மிக அகன்ற லென்ஸ் ஒன்று வேண்டுமென்று முதலில் தோன்றும். எடுத்துப் பார்த்தால் வானமும் நீரும் படத்தை ஆக்கிரமித்துக்கொள்ள, மலைகள் ஒரு கோடாய்ச் சுருங்கிவிடும். ஐம்பதிலிருந்து நூறு மில்லிமீற்றர்ப் பார்வையில் ஒரு வள்ளம், அதன் பின்னே ஒரு மலை என்று பொறுக்கி எடுத்தால்தான் துறைமுகம் துறைமுகமாகத் தெரியும். மிக அகன்ற லென்ஸும் பையிலிருந்து வெளியேறுகிறது.

இருட்டிய பின்பு முதற் பையின் நியாயம் தெரியவருகிறது. கொத்து ரொட்டிக் கடையொன்றில் மஞ்சள் குமிழொன்றின் கீழ் தகடுகள் கல்லில் மோதும் கைவேகத்தைப் பிடிக்கவேண்டும்; சிறு உணர்தகட்டில் இருளான படங்கள் பொரிபொரியாகத் தெரியும், பெரியது அதைச் சுத்தமாகக் காட்டும். இதை மறுப்பதற்கில்லை. இரண்டாம் பைக்காரருக்கு உள்ள உபாயம் அந்த 87 கிராம் தட்டை லென்ஸ்: 12-45 லென்ஸைவிட அது ஐந்து மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்குமாகையால், பத்திலொரு வினாடி தேவைப்பட்ட இடத்தில் ஐம்பதிலொரு வினாடியில் எடுத்துவிடலாம். பொரி கொஞ்சம் இருக்கும். கலியாண அல்பம் போடுபவருக்கு அது குறை, வீட்டுக்குப் படம் அனுப்புபவருக்கு அன்று. முக்காலியைப் பொறுத்தவரை, கடைச் சுவரும் மேசை விளிம்பும் போதுமானவை.

எந்தப் பட்டியலிலும் வராத பாரங்கள் சில உண்டு. மேலதிகப் பற்றரிகள் இரண்டு, மின்னேற்றி ஒன்று, நினைவட்டைகள், அன்றன்றைய படங்களைப் பிரதி செய்து வைக்க ஐம்பது அறுபது கிராம் நிறையுள்ள சிறு வன்தட்டு ஒன்று. இவற்றைக் குறைக்கப் புறப்படுவது அவ்வளவு புத்திசாலித்தனமல்ல. மேலதிகப் பற்றரிகளைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்ப விமான விதிகள் இடங்கொடுப்பதில்லை. முனைகளை மூடிக் கைப்பொதியில் வைக்கவேண்டும். சுருள் கமரா இன்னும் வைத்திருப்பவர்கள் சுருள்களைத் தனிப் பையிலிட்டு, கதிர்ச் சோதனைக்கு உட்படுத்தாமல் கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். கமராவின் இலக்கத்தையும் வாங்கிய பற்றுச்சீட்டையும் படமெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்வது, திருட்டுக்கும் சுங்கத்துக்கும் சேர்த்து ஒரே காவல்.

உப்புக் காற்றில் திரிந்த கமராவை அன்றிரவே நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். ஈரப்பதம் மிகுந்த நம் கரையில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படர்வது சகஜம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பொட்டலங்களோடு வைப்பது நல்லது. குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை நேரே திருகோணமலை வெயிலுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் முழுவதும் நீர் பூத்துக் கால்மணி நேரம் கண் தெரியாது. ஜனவரி மாதத்து ரொறன்ரோவில் இது தலைகீழாக நடக்கும்: பனித் தெருவில் உறைந்த கமரா, சூடேற்றிய வீட்டுக்குள் நுழைந்ததும் வியர்க்கும். இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே. கதவருகில் நிற்கும்போதே கமராவைப் பொலித்தீன் பையிலிட்டு வாயை இறுக்கிக் கட்டி, பைக்குள்ளிருப்பது வெளி வெப்பத்துக்கு வரும்வரை அவிழ்க்காமல் இருக்கவேண்டும். நினைவட்டையை மட்டும் தெருவிலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் படம் காட்டத் தாமதமாகாது. குளிரில் பற்றரிகள் சீக்கிரம் களைத்துப்போவதால், மேலதிகமாக உள்ளதைக் கம்பளிச் சட்டையின் உட்பையில், உடம்புச் சூடு படும்படி வைத்துக்கொள்ளுங்கள். களைத்துப்போனதாகக் காட்டிய பற்றரியும் அப்படிச் சூடேறிய பின் இன்னும் பத்துப் பதினைந்து படங்களுக்கு இடங்கொடுப்பதுண்டு.